நூறு சதவீத விளக்கம்

"மூணு சதவீதம்!" என்றார் இன்ஜினியர் குவால்பெர்த்தோ, சுவரில் மாட்டியிருந்த திரையை விரலால் குத்தி. "பத்தொன்பது வருஷமா எழுதுற புரோகிராம். மூணே மூணு சதவீதத்துக்குத்தான் விளக்கக் குறிப்பு இருக்கு. வெட்கமா இல்ல உனக்கு?"

யமண்டுவுக்கு வெட்கமில்லை, பயம்தான் இருந்தது. பதினோரு இறைச்சி ஆலைகளில் மாடு உள்ளே நுழைவதிலிருந்து குளிர் அறைக்குப் போவதுவரை கவனித்துக்கொள்ளும் அந்தப் புரோகிராமை எழுதியவர் அவர் ஒருவரே. மொத்தம் நாலாயிரத்து முந்நூறு ஃபங்ஷன்கள், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் கட்டளைத் துண்டுகள். எது என்ன வேலை செய்யும் என்பது அவர் தலைக்குள் பத்திரமாக இருந்தது. அது போதாது, ஒவ்வொரு ஃபங்ஷனின் மேலேயும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது புதிய சட்டம்.

"புதன்கிழமை பாய்சாண்டூ ஊர்லேர்ந்து ஒரு நிபுணர் வர்றாங்க. ஒண்ணுவிடாம படிப்பாங்க. நூறு சதவீதம் இல்லேன்னா, திங்கட்கிழமை நம்ம பேச்சு வேற மாதிரி இருக்கும்."

இன்ஜினியர் என்பது குவால்பெர்த்தோவுக்குப் படிப்பல்ல, அவதாரம். அறைக்கதவில், காப்பிக் கோப்பையில், குடைப்பிடியில் எல்லாம் அதைப் பொறித்து வைத்திருந்தார். அவர் மனைவியே தொலைபேசியில் "இன்ஜினியர் இருக்காரா?" என்றுதான் கேட்பாள்.

மதியத்துக்குள் யமண்டு கையால் பதினோரு குறிப்புகள் எழுதினார். பக்கத்து மேஜை வாஷிங்டன், அக்குளில் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு குழாய் வழியே மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி எட்டிப் பார்த்தான்.

"இந்த வேகத்துல போனா, அடுத்த கார்னிவலுக்கு அடுத்த கார்னிவல்ல முடிச்சிடுவே."

"அம்பத்து மூணு வயசுல எவன்டா எனக்கு வேற வேலை தருவான்?"

"மாடு மேய்க்கப் போ. மாட்டைப் பத்தி உனக்குத் தெரியாததா?"

"நான் மாட்டை நேர்ல பார்த்ததே இல்லடா. தட்டுலதான் பார்த்திருக்கேன்."

அன்று மாலை யமண்டு ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினார். அது ஃபங்ஷனின் பெயரைப் படிக்கும்; அதையே ஒரு வாக்கியமாக்கி மேலே ஒட்டிவிடும். 'கதவைத் திற' என்று பெயர் இருந்தால், 'இது கதவைத் திறக்கும்.' ஒன்பதே வினாடியில் சுவர்த் திரை நூறு சதவீதம் என்றது.

இன்ஜினியர் வந்து நாலைந்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் குட்டைகுட்டையா இருக்கு. நம்ம நிறுவனத்துக்குன்னு ஒரு கம்பீரம் வேண்டாமா?"

பெயரோடு ஃபங்ஷனின் உள்ளிருக்கும் கட்டளைகளையும் படிக்கவைத்துக் கம்பீரத்தை ஏற்ற இன்னும் அரைமணி நேரம் பிடித்தது. இப்போது வந்தது இப்படி: 'கதவைத் திறத்தல் என்னும் பொறுப்பை ஏற்றுள்ள இந்த ஃபங்ஷன், உரிய தருணத்தில், உரிய முறையில், கதவைத் திறக்கிறது. பெறுவது: கதவு. தருவது: திறந்த கதவு.'

இன்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான்யா எழுத்து! வியாழக்கிழமை நிபுணர் முன்னாடி நானே சத்தமா வாசிக்கிறேன்."

அவர் போனதும் வாஷிங்டன் சீட்டியடித்தான். "ஏம்ப்பா, இங்க 'எருதைச் சமாளி'ன்னு ஒண்ணு இருக்கே?"

யமண்டு பாய்ந்து வந்து திரையருகே குனிந்தார். எருது என்பது அலுவலகத்தில் இன்ஜினியரின் முதுகுக்குப் பின்னால் வழங்கும் பெயர். என்றோ ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லா அறிக்கையும் நீல நிறத்தில் வேண்டும் என்று அவர் வந்து நின்றபோது கோபத்தில் அந்த ஃபங்ஷனுக்கு யமண்டு வைத்த பெயர் அது. அதன் மேல் இப்போது கம்பீரமாக எழுதியிருந்தது: 'எருதைச் சமாளித்தல் என்னும் பொறுப்பை ஏற்றுள்ள இந்த ஃபங்ஷன், உரிய தருணத்தில், உரிய முறையில், எருதைச் சமாளிக்கிறது. பெறுவது: திட்டு. தருவது: எதுவுமில்லை.'

"மாட்டு புரோகிராம்தானே? நெசமான எருதுன்னு நினைச்சுக்குவார்."

"அவருக்குத் தெரியும்டா! போன பிறந்தநாளுக்குக் கேக்குல கொம்பு வச்சது யாரு? நீதானே!"

"சரி, அந்த ஒண்ணை மட்டும் மாத்திடு."

"ஒண்ணா இருந்தா மாத்திடுவேன். கோபம் வந்தப்பல்லாம் வச்சிருக்கேன். எத்தனைன்னு எனக்கே தெரியாது."

ஆகவே ஒரே கட்டளை கொடுத்தார்: குறிப்புகளில் 'எருது' வருமிடமெல்லாம் 'இன்ஜினியர் அவர்கள்'. மரியாதைக்கு மரியாதை, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாற்றியாயிற்று என்றது கணினி.

"அறுநூறு தடவையா கோபப்பட்டே?" என்றான் வாஷிங்டன்.

"இருக்கும்," என்றார் யமண்டு. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை நிபுணர் வந்தாள். இவோன் தபாரெஸ், முப்பது வயதிருக்கும். மூலை மேஜையில் உட்கார்ந்தவள் தலை நிமிராமல் படித்தாள். அவ்வப்போது யமண்டுவைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள், நெற்றியைத் தேய்த்துக்கொள்வாள். அன்று முழுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இது கதவைத் திறக்குதுன்னு புரியுது சார். எந்தக் கதவை?"

"அது வந்து... மாட்டுக் கதவை," என்றார் யமண்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். நடுவில் ஒரு தட்டு நிறைய பிஸ்கோச்சோ என்னும் சின்னப் பன்கள். இன்ஜினியர் எழுந்து, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, தேசிய விழாக் குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"'இன்ஜினியர் அவர்களை எடைபோடுதல் என்னும் பொறுப்பை ஏற்றுள்ள இந்த ஃபங்ஷன்...' பார்த்தீங்களா, நமக்கும் ஒரு இடம் குடுத்திருக்கான்! '...நானூறு கிலோவுக்குக் குறைந்தால், இன்ஜினியர் அவர்களை மேய்ச்சலுக்குத் திருப்பி அனுப்புகிறது.'"

அவருக்கு ஓசைதான் முக்கியம். பொருள் எப்போதும் இரண்டு வரி தாமதமாகத்தான் வந்து சேரும். ஆகவே அடுத்ததையும் முழங்கினார்.

"'உரிய தருணத்தில், உரிய முறையில், இன்ஜினியர் அவர்களின் தோலை உரிக்கிறது. பெறுவது: இன்ஜினியர் அவர்கள். தருவது: இரண்டு பாதி.'"

வாஷிங்டனின் காலி மாத்தேக் குடுவை கொர்ரென்று ஒரு சத்தம் போட்டது. இன்ஜினியரின் கழுத்தில் தொடங்கிய சிவப்பு காதுவரை ஏறியது.

"யமண்டு," என்றார் மெல்ல. "மேஜையைக் காலி பண்ணு."

"ஒரு நிமிஷம், இன்ஜினியர்," என்று எழுந்தாள் இவோன். "உங்ககிட்ட தனியாப் பேசணும்."

இருவரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். யமண்டு ஓர் அட்டைப்பெட்டியில் பத்தொன்பது வருஷத்தை அடுக்கத் தொடங்கினார். பாதிப் பெட்டிகூட நிறையவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இன்ஜினியரின் கைகள் ஆடின. இவோன் இல்லை இல்லை என்று தலையசைத்துக்கொண்டேயிருந்தாள். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்த இன்ஜினியர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு வழக்கம்போல வா."

யமண்டுவுக்கு ஒன்றும் ஓடவில்லை. கைப்பையோடு கிளம்பிய இவோனைப் படிக்கட்டில் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"உங்களாலதான்மா என் வேலை தப்பிச்சுது. ஆனா மனசு கேக்கல, சொல்லிடறேன். அந்தக் குறிப்புல, பழசு போக, பதினொண்ணுதான் நான் எழுதினது. மிச்சமெல்லாம் மெஷின் எழுதினது. ஒழுங்கா எழுத நேரமில்ல. மன்னிச்சிடுங்க."

"நல்ல ஆளு சார் நீங்க," என்றாள் இவோன், படியிறங்கியபடியே. "நாலாயிரத்து முந்நூறும் படிச்சேன், ஒரு எழவும் புரியல. நீங்க மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தீங்கன்னா, திங்கட்கிழமையிலேர்ந்து உங்க வேலையை நான்ல பார்க்கிறதா இருந்தது!"