கோடி வருடத்துப் பெரணிச் செடி

படித்த படிப்பை யாரும் கேட்காமலே எடுத்துவிடும் வியாதி எனக்கு உண்டு. அது முற்றிப்போனது, நான் பெண் பார்க்கப் போன அன்று.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. சேலத்தில் ஜியாலஜி படித்துவிட்டு, மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஃபாக்டரியில் போல்ட்டுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். (கல்லுக்கும் போல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அம்மாவே கேட்டு ஓய்ந்துவிட்டாள்.) பெண்ணின் அப்பா ஓசூரில் தரைக்கல் வியாபாரி. போட்டோவில் மல்லிகாவைப் பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது அந்த வீட்டுக்கு என்னைப் பிடித்துப்போக வேண்டும்.

பஜ்ஜி வந்தது. அப்போதுதான் சமையற்கட்டு வாசலில் பதித்திருந்த ஷாபாத் கல் கண்ணில் பட்டது. வெளிர் மஞ்சள் கல்லில் கறுப்பாக, கிளை கிளையாக, அச்சு அசல் ஒரு பெரணிச் செடி!

"ஐயையோ, யாரும் மிதிக்காதீங்க!" என்று பாய்ந்தேன். "இது ஃபாசில்! கோடி வருசத்துக்கு முன்னாடி புதைஞ்ச செடி!"

பெண்ணின் அப்பா ஆடிப்போய்விட்டார். "நம்ம வூட்லயா மாப்ள?" என்றவர், கல்லைப் பெயர்த்தெடுக்கக் கடப்பாரை கொண்டுவரச் சொல்லி வேலையாளைப் பார்த்துக் கன்னடத்தில் கூவினார். கூட வந்திருந்த என் அம்மா இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். காபித் தட்டோடு உள்ளே நின்ற மல்லிகாவுக்கு வெளியே வர வழியில்லை. பெண் பார்க்க வந்தவன், பெண்ணை வரவிடாமல் கையை விரித்து மறித்துக்கொண்டிருந்தேன்.

கடப்பாரை இறங்கியது. கல்லின் மூலை தெறித்தது. மல்லிகா என்னை ஒதுக்கிவிட்டு வந்து, நேராக அந்தச் செடி மேலேயே நின்றாள்.

"அப்பா, நிறுத்துங்க. இது செடி இல்லீங்க. வெடிப்புல தண்ணி எறங்கி வந்த கறை. செடின்னா எலைக்கு நடு நரம்பு இருக்கணுமில்ல? இது வெடிப்பு ஓரத்துலருந்து கிளை விட்டிருக்கு, பாருங்க. லோடுக்கு நாலு கல்லு இப்பிடி வருது. நாந்தான் பிரிச்சு வெக்கறேன்."

மாங்கனீஸ் கறை! இரண்டாம் வருடப் பாடம். பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியவன் நான். மண்டியிட்டு உற்றுப் பார்த்தேன். நரம்பைக் காணோம். "நீங்க சொல்றதுதாங்க சரி" என்றேன், அவள் காலைப் பார்த்தபடி.

"கல்லுப் படிப்பு படிச்சவருன்னுதானே சொன்னாங்க?" என்று அவள் அப்பா தரகரைத் தேடினார். தரகர் பஜ்ஜியோடு தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.

பஸ்ஸில் அம்மா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் போச்சு என்று நான் அழாத குறை. மூன்றாம் நாள் சம்மதம் வந்தது! ஏன் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டேன்.

"தப்புன்னு சொன்னதும் கோவப்படாம குனிஞ்சு பாத்தீங்களே, அதான்" என்றாள்.

மூலை உடைந்த அந்தக் கல்லை மாமனார் சீர்வரிசையோடு அனுப்பிவைத்தார். இப்போது எங்கள் சமையற்கட்டு வாசலில் இருக்கிறது. இன்றும் நான் எதையாவது அடித்துச் சொல்ல ஆரம்பித்தால், மகளும் பேரனும் பேசாமல் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறார்கள். மல்லிகா மட்டும் அந்தக் கல் மேல் நின்றபடி எனக்குக் காபியை நீட்டுவாள்.