புலரி நாட்டுச் சேவல்

நாணலாற்றுக்குத் தெற்கே புலரி என்று ஒரு நாடு இருந்தது. அங்கே சூரியன் உதிப்பதால் விடிவதில்லை. அரண்மனைச் சேவல் கூவுவதால்தான் விடியும். அது அந்நாட்டின் சட்டம். கோட்டை மதில்மேல் இருந்த கூண்டிலிருந்து சேவல் கூவிய பிறகே கதவைத் திறக்கலாம், அடுப்பு மூட்டலாம், வாய்விட்டுப் பேசலாம். வீட்டில் யாராவது இறந்துபோனாலும் விடிந்த பிறகே அழலாம். மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலில் எப்போதும் ஒருவரே நின்றதால், யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் அவர்களுக்கு வந்ததே இல்லை.

ஆற்றுக்கு வடக்கே இருந்த நாட்டைப் புலரிக்காரர்கள் அக்கரை என்றே அழைத்தார்கள். இரு கரைக்கும் இடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் தொன்றுதொட்டு நடந்தது. அக்கரையிலிருந்து வாழ வரும் பெண் நகை போட்டு வருகிறாளோ இல்லையோ, மடியில் ஒரு பெட்டைக்கோழியோடு வந்தாக வேண்டும். அதற்குத் தாய்வீட்டுக் கோழி என்று பெயர். அது புகுந்த வீட்டில் அடைகாத்துக் குஞ்சு பொரித்தால்தான் மருமகள் வேர் பிடித்துவிட்டாள் என்று ஊர் ஒப்புக்கொள்ளும்.

செவந்தி அப்படித்தான் ஒரு புள்ளிக்கோழியோடு பரிசலில் வந்து இறங்கினாள். அவள் கணவன் கூத்தன், அரண்மனைச் சேவலுக்குத் தீனி வைத்துப் பராமரிப்பவன். கல்யாணத்துக்கு முன்பு அவன் இக்கரை நாணல் புதரில் ஒளிந்துகொண்டு சேவல்போலக் கூவுவான். அக்கரையில் அவள் நிறைந்திருந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடி வருவாள். நிஜச் சேவலே ஏமாந்து பதில் கொடுக்கும். ஆனால் கூத்தனின் கூவலில் கடைசி இழுப்பு மட்டும் கீழே இறங்காது. எதையோ கேட்பதுபோல மேலேறி நிற்கும்.

"அது என்ன மச்சான், கடைசியில அப்படி ஒரு இழுப்பு?" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"வர்றியான்னு கேட்டேன். நீதான் வந்துட்டியே."

அவளும் அதைக் கற்றுக்கொண்டாள். சண்டை போட்டுப் பேசாமலிருக்கும் நாட்களில் அடுக்களையிலிருந்து மெல்ல ஒரு கூவல் கேட்டால், சமாதானம் என்று பொருள். கூத்தன் சிரித்துக்கொண்டே சாப்பிட வந்துவிடுவான்.

புள்ளிக்கோழியின் வம்சம் பெருகியது. அதன் பேரன்களில் கம்பீரமான ஒன்றை அரண்மனை எடுத்துக்கொண்டது. அதுதான் இப்போது மதில்மேல் கூவும் சேவல்.

ஓர் ஆண்டு அக்கரையில் கோழிகளுக்குக் காய்ச்சல் கண்டது. கொண்டை கறுக்கும், தலை தொங்கும், மறுநாள் கூடை கூடையாகச் செத்துக்கிடக்கும். புலரியில் பறை முழங்கியது: 'காய்ச்சல் கண்ட நாடுகளிலிருந்து கோழியோ, குஞ்சோ, முட்டையோ, ஓர் இறகோகூட உள்ளே வரக் கூடாது.' நல்ல ஆணைதான் என்று மக்கள் சொன்னார்கள். பிறந்த வீட்டுப் பரிசல் இனி வராதே என்று வருந்தினாலும், செவந்தியும் அப்படித்தான் சொன்னாள்.

ஆனால் கொக்குகளுக்குப் பறை முழக்கம் புரியவில்லை. காலையில் அக்கரையிலும் மாலையில் இக்கரையிலும் மேய்ந்தன. ஆடி முடிவதற்குள் செவந்தியின் தெருவில் கோழிகளின் கொண்டை கறுத்தது. கூத்தன் ஓடிப்போய்ப் பறவைகள் நலப் பேரமைச்சர் பெருவழுதியாரின் முன் கைகட்டி நின்றான்.

"ஐயா, எங்க தெருவுல கோழிங்க சாகுதுங்க. அதே காய்ச்சல்தாங்க. மருந்துக்கு ஏதாவது வழி பண்ணணும்."

பெருவழுதியார் கண்களை மூடித் திறந்தார். "காய்ச்சல் கண்ட நாடுகளின் கோழிகளை நாம் தடை செய்திருக்கிறோமா, இல்லையா?"

"செஞ்சிருக்கோங்க."

"இங்கே காய்ச்சல் இருக்கிறது என்றால், நாமும் காய்ச்சல் கண்ட நாடு ஆகிவிடுவோம். அப்போது நம் கோழிகளையும் நாம் தடை செய்ய வேண்டிவரும். ஒரு நாடு தன்னைத்தானே தடை செய்துகொண்டதாக எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?"

"இல்லீங்க."

"ஆகவே இங்கே காய்ச்சல் இல்லை. போய் வா. மன்னரிடம் உன் நாட்டுப்பற்றைப் பற்றிச் சொல்கிறேன்."

அந்த வாரமே இரண்டாம் ஆணை வந்தது. காய்ச்சலால் சாகும் கோழி எதுவாயினும் அது அக்கரைக் கோழியே. அதை வைத்திருந்தவர் கள்ளக்கடத்தல் செய்தவர், அவருக்குச் சிறை.

புலரி மக்கள் யோசித்தார்கள். கோழி தானாகச் செத்தால்தானே அந்நியக் கோழி? சாவதற்குள் அறுத்துவிட்டால் அது உள்நாட்டுக் கோழிதானே? அன்று முதல் கொண்டை லேசாகக் கறுத்தாலே கத்தி எடுத்தார்கள். தெருவெல்லாம் குழம்பு மணத்தது. கறி வாங்க வழியில்லாதவர்கள் வீட்டிலும் தினமும் கறி. 'அந்நியக் கோழியைத் தடுத்தோம். வீட்டுக்கு வீடு விருந்து!' என்று அமைச்சர் மேடைதோறும் முழங்கினார்.

பிறகு மனிதர்கள் இருமத் தொடங்கினார்கள்.

மூன்றாம் ஆணைக்கு அதிக நாள் ஆகவில்லை. இந்நாட்டில் இல்லாத காய்ச்சலால் இந்நாட்டு மனிதர் சாக முடியாது. ஆதலால் அப்படிச் சாகிறவர் அக்கரைக்காரர். அவருக்கு இக்கரை மயானத்தில் இடமில்லை. அடுத்த வீட்டுக் குயவர் அம்பலம் பிறந்ததிலிருந்து ஆற்றைத் தாண்டாதவர். செத்த அன்று அக்கரைக்காரர் ஆனார். அவரை வாழைமட்டைத் தெப்பத்தில் கிடத்தி ஆற்றில் தள்ளிவிட்டார்கள். தெப்பம் அக்கரையை நோக்கிப் போகவில்லை. நீரோட்டத்தோடு கடலுக்குப் போனது.

அன்று மாலை கூத்தன் வந்த கோலத்தைப் பார்த்துச் செவந்தி கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவன் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சேவலுக்குக் கொண்டை கறுக்குது, புள்ள."

"எது? நம்ம புள்ளி பேரனுக்கா?"

"மெதுவாப் பேசு. நம்மளதுன்னு சொல்லாத."

"ஊர்ல எல்லாரும் பண்றதப் பண்ணிட வேண்டியதுதான? சாகறதுக்குள்ள…"

"அரண்மனைச் சேவல அறுத்துட்டு என் கழுத்து மிஞ்சுமா? தானா செத்தா அது அக்கரைச் சேவல். அக்கரைச் சேவல மதில்மேல ஏத்தினவன் நானு." தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தான். "அது மட்டுமா? இத்தன வருஷம் நமக்கு விடிஞ்சதெல்லாம் அந்நிய விடியலாயிடும். அத அவங்க விட்டுருவாங்களா?"

"பரிசல் எதாவது கெடைக்குதா பாரு மச்சான். எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாம்."

"உங்கம்மா நாட்டுல இப்ப நம்மள விடமாட்டாங்க. இங்க காய்ச்சல்னு அவங்களுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது." சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. செவந்தி அதைக் கேட்காததுபோல இருந்தாள்.

அவன் அரண்மனைக்குத் திரும்பிப் போனான். வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் சேவல் கூவியது. செவந்தி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். கடைசி இழுப்பு மேலேறி நின்றது. வர்றியா?

தெருவில் கதவுகள் திறந்தன. "இன்னைக்கு என்ன, சேவல் ஒரு தினுசாக் கூவுது?" என்றாள் அம்பலத்தின் மனைவி. "சளி புடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செவந்தி கோட்டை வாசலுக்கு நடந்தாள்.

பெருவழுதியாரே வாசலில் நின்றார். "உன் கணவன் மேன்மையான அரசுப் பணியில் இருக்கிறான். சேவலை விட்டு அவன் பிரியக் கூடாது என்பது மன்னரின் விருப்பம்."

"சேவல் நல்லா இருக்குதுங்களா?"

"முன்னெப்போதையும்விட நலம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மதிலைப் பார்த்தார்.

"அப்ப, சேவலுக்கு ஒரு கலயம் கஞ்சி கொண்டாரட்டுங்களா? மிளகு தட்டிப் போட்டு. தொண்டைக்கு நல்லது."

அமைச்சர் நெடுநேரம் சிந்தித்தார். "சேவல் கஞ்சி குடிப்பதாகச் சாத்திரத்தில் இல்லை. குடிக்கக் கூடாது என்றும் இல்லை. வைத்துவிட்டுப் போ."

அதன்பின் அவள் வாழ்க்கை அந்தக் கலயத்தில் இருந்தது. கஞ்சியோடு உள்ளே போகும். காலியாகத் திரும்பி வரும். விளிம்பில் அவன் விரல் பட்டிருக்கும் என்று அவளாக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு அங்கே தன் விரலை வைத்துப் பார்ப்பாள். காலையில் கூவல் கேட்கும். அவள் அடுக்களையில், யாருக்கும் கேட்காதபடி, பதிலுக்குக் கூவுவாள். ஊரில் தெப்பங்கள் போய்க்கொண்டிருந்தன, தேர்தல் வந்துகொண்டிருந்தது. கூவலின் நடுவே ஓர் இருமல் கேட்கத் தொடங்கியது. புலரியில் எல்லோர் காதிலும் அது விழுந்தது, ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் கலயம் நிறைந்தபடியே திரும்பி வந்தது. கஞ்சியின் மேல் ஆடை படிந்திருந்தது.

அடுத்த நாள் சேவல் கூவவில்லை.

சட்டப்படி விடியவில்லை. சூரியன் கூரைக்கு மேலே வந்தது. அடைத்த வீடுகளுக்குள் புழுங்கியது. பிள்ளைகள் பசியில் அழ, தாய்மார் அவர்கள் வாயைப் பொத்தினார்கள். பறை வந்தது: 'யாரும் பதற வேண்டாம். இன்னும் விடியவில்லை. இரவு இம்முறை சற்று நீளமாக அமைந்திருக்கிறது.'

செவந்தி கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. உச்சி வெயிலில், கையில் எரியும் தீவட்டியோடு, வியர்வை சொட்டச் சொட்டத் தெருக்காவலர் நின்றிருந்தார்.

"யாரும்மா அது, இருட்டுல? உள்ள போ."

"என் வீட்டுக்காரர் போயிட்டார்ண்ணே. அழணும்."

காவலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க யாரும் சாகல, தாயீ. செத்திருந்தா அவரு அக்கரை ஆளு. அக்கரை ஆளுக்காக இங்க அழக் கூடாது. அதுவும் விடியாம அழக் கூடாது."

"அக்கரையிலேர்ந்து வந்தவ நான். அவரு இல்ல" என்றாள் செவந்தி. காவலர் தீவட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். அவள் நடந்தாள்.

மதிலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கூண்டைப் பட்டுத்துணியால் மூடியிருந்தார்கள். மச்சான் என்று கூப்பிட வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது ஒரு கூவல். நாணல் புதரிலிருந்து அவன் கூவியது, அடுக்களையிலிருந்து அவள் கூவியது, எல்லாம் சேர்ந்து ஒன்றாக வந்தது. கடைசி இழுப்பு மேலே ஏறி, அங்கேயே உடைந்தது.

ஊர் முழுவதும் கதவுகள் திறந்தன.

"விடிந்தது! சேவல் நலம்! விடிந்தது!" என்று பறை அலறியது. மக்கள் கண் கூச வெளியே வந்தார்கள். அடுப்புகள் புகைந்தன. காத்திருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பிணங்களுக்காகச் சட்டப்படி அழத் தொடங்கினார்கள். செவந்தியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதிலின் சிறுகதவு திறந்தது. பெருவழுதியார் இரு கைகளையும் கூப்பிக்கொண்டு வந்தார்.

"அருமையான குரல், தாயே. கடைசி இழுப்பில் மட்டும் சற்றுச் சோகம் தட்டுகிறது. போகப் போகச் சரியாகிவிடும்."

இரு வீரர்கள் அவளை உள்ளே அழைத்துச் சென்றார்கள். கூண்டு காலியாக இருந்தது. கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

தேர்தலில் மன்னரே வென்றார். அந்நியக் கோழி ஒன்றுகூட உள்ளே வராத நாடு என்ற பெருமை புலரிக்கு இன்றும் இருக்கிறது. அக்கரையில் காய்ச்சல் எப்போதோ தீர்ந்துவிட்டது. அங்கே இப்போது ஒரே ஒரு தடைதான்: புலரியிலிருந்து எதுவும் வரக் கூடாது.

அதன்பின் புலரியில் விடியாத நாளே இல்லை. குரல்தான் அவ்வப்போது மாறும். எந்தத் தெருவிலும் எவராவது ஒருவர் அழுவதற்கு இருந்துகொண்டே இருப்பதால், அரண்மனைக்கு இன்றுவரை சேவல் பஞ்சம் வந்ததில்லை.