கிளடிசுக்கு விழுந்த மின்னல்

அன்புள்ள பெறாமகள் பிரதீபாவுக்கு,

மில்லிக்கனிலிருந்து பெரியம்மா குணவதி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன், நான் சுகம். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

நம் முதியோர் சங்க ஆண்டு விழாவில் இம்முறை சிறப்புரை கிளடிசுக்கு என்று அறிந்தேன். செயலாளர் நீ, உன் விருப்பம். ஆனால் உன் பெரியப்பா இருந்த காலத்திலிருந்து அந்த மேடையில் பேசி வருபவள் நான். அவளுடைய தகுதி என்ன? மடியில் மட்டன் ரோல்ஸ் பெட்டியுடன் மகன் கிளிபோட்டின் காரில் போனபோது, ஸ்டீல்ஸ் வீதியில் அந்தக் காருக்கு மின்னல் விழுந்தது, அவ்வளவுதான். அன்ரெனா உருகியது, ஒரு ரயர் வெடித்தது, இவளுக்குத் தலைமுடி ஒன்றுகூடக் கருகவில்லை. உடனே சனமெல்லாம் மோர்னிங்சைட்டில் அவள் வீட்டுக்கு, நோயாளியைப் பார்க்கப் போவதுபோல் ஆளுக்கொரு ஹோர்லிக்ஸ் போத்தலுடன். நோயே இல்லாதவளுக்கு எதற்கு ஹோர்லிக்ஸ்?

மரியாதைக்கு நானும் போனேன். "குணவதி, கடவுள் என்னைத் தொட்டிட்டுப் போனவர்" என்றாள்.

"தொட்டது காரை, கிளடிஸ். கரண்ட் தகரத்தின்ர வெளிப்பக்கத்தால ஓடி நிலத்துக்குப் போயிட்டுது. கண்ணாடி பூட்டியிருந்தால் உள்ளுக்க ஆர் இருந்தாலும் தப்புவினம். கொன்வென்றில சிஸ்டர் படிப்பிச்சவ. நீர் அண்டைக்கு வரேல்லைப் போல."

"ஓமோம், ரயரும் றப்பர்தானே" என்று தலையாட்டுகிறாள்! வானத்திலிருந்து இறங்கி வருவதை விரல் தடிப்பு றப்பரா மறிக்கும்? அந்த ரயரே வெடித்திருக்கிறது, பிள்ளை! இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ரோல்சுக்கு என்ன நடந்தது என்றுதான் அவளிடம் கேட்டார்கள்.

விஞ்ஞானத்தை நிலைநாட்ட, சென்ற செவ்வாய் இடி முழங்கியபோது நல்ல சேலையாக உடுத்து, எங்கள் வீட்டுக் காருக்குள் போய், கண்ணாடிகளைப் பூட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மருமகள் தேனுகா குடையுடன் ஓடிவந்தாள்.

"மாமி, உள்ளுக்க என்ன செய்யிறியள்?"

"இருக்கிறன்."

"இந்த மழைக்க ஆரைப் பாத்துக்கொண்டு?"

மின்னல் வரத்தான் செய்தது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தில் விழுந்தது. மறுநாள் அந்த மரத்தைப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள்.

ஆகவே, கூரை தகரமாயிருந்தால் எந்தக் காரும் ஒன்றுதான். இதில் அற்புதமும் இல்லை, கிளடிசின் கெட்டித்தனமும் இல்லை. சிறப்புரை பற்றி நன்றாக யோசி. உன் வீட்டில் எல்லா நலமும் நிறையட்டும்.

அன்புடன்,
பெரியம்மா

பி.கு.: சனிக்கிழமை மறுபடியும் இடியுடன் மழையாம். அன்று மாலை கிளிபோட் தாயைப் பூசைக்கு ஏற்றிப் போவான். என்னையும் ஏற்றச் சொல். வேறு கார் அனுப்ப வேண்டாம், அந்தக் காரேதான் வேண்டும். முன் சீற் எனக்கு. கிளடிஸ் பின்னுக்கு இருக்கட்டும்.