தொட்டால் கத்தும் சட்டிகள்

இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று கஜானன் முடிவெடுத்துவிட்டான். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் அவன் எடுத்த முடிவுகளெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே செத்துப்போனவை. இது சாகாது. முன் அறை அவனுக்குத்தான்.

உடுவிலில் அவர்கள் இருந்த வீட்டில் மிச்சமாய்க் கிடந்தது அந்த ஒரு அறை. கணக்கு ரீச்சரான அவன் மனுசி தக்சாயினிக்கு அதில் ரியூசன் வைக்க ஆசை. கஜானனுக்கு அதில் வயரும் ஸ்பீக்கரும் வைக்க ஆசை. நல்லூரில் நடக்கப்போகும் கலைக் கண்காட்சிக்கு அவன் ஒரு புதுமை செய்துகொண்டிருந்தான். குசினிச் சட்டிபானைகளைக் கட்டித் தொங்கவிடுவது. ஆராவது தொட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போடும். புட்டுப் பானையைத் தொட்டால் பஸ் கொண்டக்டர் கத்துவான். தாச்சியைத் தொட்டால் தண்ணி மோட்டர் உறுமும். பால்செம்பைத் தொட்டால் தெருத்தெருவாய்ப் பாண் விற்க வரும் பாண்காரனின் பாட்டு.

“சரி, துவக்க விழாவிலை உது ஒழுங்கா வேலை செய்தால் அறை உங்களுக்கு. பிசகினால் எனக்கு. சம்மதமோ?” என்றாள் தக்சாயினி.

“ஓம். பிறகு கதை மாறக்கூடாது.”

“நான் மாறமாட்டன். நீங்கள் என்ரை தாச்சியை நெளிக்காமல் தாங்கோ.”

அன்றிலிருந்து மனுசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருந்தால் எழும்புவான். எழும்பினால் நடப்பான். சாப்பிடும்போதும் கறிச்சட்டியைத் தட்டிப் பார்ப்பான். ஏனென்றால் அந்தக் கோதாரி விழுந்த சட்டிகள் அவன் தொட்டால் ஊமை! கரண்ட் அடிக்கும் என்ற பயத்தில் ரப்பர் செருப்போடு நின்று தொட்டான், தட்டினான், தடவினான், கெஞ்சினான். ம்ஹூம். தக்சாயினி வெறுங்காலோடு நிலம் துடைக்க வருவாள், போகிற போக்கில் ஒரு விரல் வைப்பாள். உடனே கொண்டக்டர் கத்துவான்.

“பாத்தியளோ, எனக்குக் கதைக்குது.”

“நீர் என்னவோ செய்துபோட்டீர்!”

“தொட்டனான். வேறை என்ன?”

“சட்டி கூட உமக்குப் பயப்பிடுது.”

“வீட்டிலை ஒண்டாவது சொல்வழி கேக்கட்டுமே.”

அவனுடைய காலை ஒருக்காப் பார்த்தாள். சிரித்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கஜானன் விடுவானா? சட்டிகளில் பூட்டியிருந்த சென்சரின் உணர்திறனைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். கடைசியில் செருப்புக் காலோடு அவன் தொட்டாலும் பானை கத்தியது. ஆள் துள்ளிக் குதித்தான். அறைக்குப் பூட்டுக்கூட வாங்கிவிட்டான்.

விழா நாள். மண்டபம் நிறையச் சனம். நிலத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரம் இன்னும் காயவில்லை. குத்துவிளக்கு ஏற்றுகிற இடத்துக்கு ஆராவது செருப்போடு போவார்களோ? எல்லாரும் வாசலில் கழற்றிப்போட்டுத்தான் உள்ளே வந்தார்கள். விழாவை நடத்துகிற பிள்ளை கீர்த்திகா வழிகாட்ட, பிரதம விருந்தினர் செல்வநாயகம் விளக்கடிக்குப் போனார். வழியில் புட்டுப் பானை. அவர் அதைத் தொடவில்லை. கிட்டப் போனார், அவ்வளவுதான்.

“பின்னாலை போ! பின்னாலை போ!” என்று பானைக்குள் இருந்து கொண்டக்டர் கத்தினான்.

செல்வநாயகம் பின்னாலே போனார். பாவம், மரியாதையான மனுசன். அவர் பின்னுக்குப் போக, பின்னுக்கு நின்ற சனம் என்ன ஏதென்று முன்னுக்கு வர, எல்லாச் சட்டியும் ஒன்றாய்க் குழறத் தொடங்கிற்று. மோட்டர் உறுமுகிறது, பாண்காரன் பாடுகிறான், கொண்டக்டர் ஏசுகிறான்.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ!” என்று கீர்த்திகா கத்தினாள்.

நிப்பாட்டினால் அறை போச்சு. நிப்பாட்டாவிட்டால் மானம் போச்சு. கஜானன் சட்டிக்குச் சட்டி ஓடினான். அவன் ஓட ஓடச் சத்தம் கூடியது.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. தக்சாயினி இறங்கினாள். கக்கத்தில் சுருட்டிய தடிச்ச ரப்பர் விரிப்புகள். ரியூசன் பிள்ளைகள் இருப்பதற்கென்று வாங்கி வைத்தவை.

“இஞ்சேருங்கோ, இதுகளைச் சுத்திவர விரிச்சுச் சனத்தை அதிலை நிக்கவிட்டால் அடங்கும்.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“வெறுங்காலோடை நான் தொடக் குழறினது, செருப்போடை நீங்கள் தொடப் பேசாமல் இருந்தது. நீங்கள் செருப்புக்கு அளவாக் கூட்டிப்போட்டியள். இஞ்சை ஆர் செருப்போடை நிக்கினம்?”

“ஐயோ! அப்ப ஏன் முந்திச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

“சரி, தாரும், கெதியாத் தாரும்!”

“அறை?”

“என்ன அறை? இது வேலை செய்தால் அறை எனக்கு எண்டுதானே கதை!”

“அப்ப வேலை செய்யட்டும். நான் வாறன்.” திரும்பி ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

செல்வநாயகம் வாசலுக்கே வந்துவிட்டார். குனிந்து தன் செருப்பைத் தேடினார்.

“எடும்! அறையை எடும்! பூட்டையும் எடும்!”

விரித்தார்கள். சனம் ஏறி நின்றது. சட்டிகள் கப்சிப். பிறகு தொட்ட சட்டி மட்டும் பாடியது. கைதட்டல் ஓய நேரமெடுத்தது. “என்ன மூளை தம்பி உமக்கு!” என்று செல்வநாயகம் அவன் முதுகில் தட்டினார். கஜானனுக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது இருவரும் ஒரே ஓட்டோவில் வந்தார்கள். உடுவில் கிட்ட வரத்தான் கேட்டான்.

“இனி என்ரை சாமானெல்லாம் எங்கை போறது?”

“ஏன் போகோணும்? அந்த அறையிலேயே இருக்கட்டும். நீங்களும் அங்கையே இருங்கோ.”

அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. என்ன இருந்தாலும் நல்ல மனுசி.

“உண்மையாவோ?”

“ஓம். ரியூசனிலை விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் நீங்கள்தான் எண்டு பிள்ளையளின்ரை தாய்தேப்பன்மாருக்குப் போன கிழமையே சொல்லிப்போட்டன்.”