சுருங்கிப்போன சிவப்புச் சட்டைகள்

தென் கரோலினா,
6 நவம்பர் 1876, திங்கள்

ஓஹையோ பனியில் விறைத்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் மகா கனம் பொருந்திய சைலஸ் மாமா சமூகத்துக்கு, உங்கள் அக்கா மகள், வயது பதினைந்து, வாய்க்கு வயது ஐம்பது, டோர்கஸ் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை, தொடங்கிவிட்டேன். இனி உண்மை.

அடிமைத்தனத்திலிருந்து விடுதலை வந்து பதினோரு வருஷமாச்சே, ஓட்டு, பள்ளிக்கூடம், ஜூரி நாற்காலி எல்லாம் நிலைக்குமா, நிலைக்குமென்றால் ஊருக்கே வந்து பாடம் நடத்தட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பா, "நிலைக்கும்னு எழுது" என்றார். அம்மா துவைத்துக்கொண்டே, "நிலைக்காதுன்னு எழுது" என்றாள். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தீர்ப்பு என் கையில்.

செப்டம்பரிலிருந்து வெள்ளைக்காரர் வீட்டு அழுக்கு மூட்டைகளில் சிவப்புக் கம்பளிச் சட்டைகள் வர ஆரம்பித்தன. நம் ஆட்களை ஓட்டுச்சாவடிப் பக்கம் அண்டவிடாமல் துப்பாக்கியோடு குதிரையில் சுற்றும் கூட்டத்தின் சீருடை. மிரட்டுவது அவர்கள், வெளுப்பது நாங்கள். எனக்குப் பொறுக்கவில்லை, அம்மா பார்க்காத நேரம் பதினெட்டுச் சட்டைகளையும் சாம்பல் காரத்தோடு கொதிக்கும் கொப்பரையில் அமுக்கி, மடித்துத் துணியில் சுற்றி, வீடு வீடாக நானே கொடுத்துவிட்டு வந்தேன். மாற்றுச் சட்டை ஏது? போன மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊர்வலத்தில் பதினெட்டு வீரர்கள் ரோஜா நிறத்தில், தொப்புள் காற்று வாங்க வந்தார்கள். தேவாலய வாசலில் நம் சனம் சிரித்த சிரிப்பில் குதிரைகளே மிரண்டன. அப்பா மட்டும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். முன்வரிசையில் டாலிவர், நான்கு வருஷம் ஜூரியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து புகையிலை பகிர்ந்துகொண்டவர்.

"பாத்தியாய்யா ஒன் கூட்டாளிய?" என்றாள் அம்மா. "சட்டம் உக்காருன்னுச்சு, உக்காந்தான்."

"வடக்குப் பட்டாளம் இன்னும் பத்து வருஷம் இருந்து உக்கார வச்சா, அவன் மகனுக்கு அதுவே பழகிடும்டி."

"பழகும், பழகும்! நமக்குன்னு கையளவு நெலம் குடுத்தாங்களா? அவன் நெலத்துல உழுது, அவன் அழுக்கத் தொவச்சு, அவனுக்கே எதிரா ஓட்டா?"

இரண்டே நாளில், போன திங்கட்கிழமை பட்டப்பகலில் ஆறு பேர் வந்தார்கள். "எவடி தொவச்சது?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நான்தான் தொர. கண்ணு மங்கிப்போச்சு." கொதிக்கும் கொப்பரையை அவள் காலில் கவிழ்த்தார்கள். டாலிவர் வேலிக்கு வெளியே குதிரைகளைப் பிடித்துக்கொண்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் காலுறை மாதிரி கழன்றது. அந்தச் சேதி கேட்டு எங்கள் வாத்தியார் மறுநாளே ரயிலேறிவிட்டார். இதற்கு என்னிடம் வேடிக்கைப் பேச்சு இல்லை, மாமா.

ஆகவே தீர்ப்பு: சுருங்கியது சட்டைதான், ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். நிலைக்காது. வராதீர்கள். அத்தைக்கும் குழந்தைகளுக்கும் முத்தங்கள். ஆண்டவர் உங்களுக்குத் தடித்த கோட்டும் மெலிந்த குளிர்காலமும் அருளட்டும்.

கீழ்ப்படிய முயன்று தோற்கும்,
டோர்கஸ்

பி.கு. செவ்வாய் காலை, தேர்தல் நாள். கடிதத்தை வாசிக்கச் சொல்லி அம்மா கேட்டாள். அப்பா ஓட்டுப் போடக் கிளம்பிவிட்டார். அம்மா கால் கட்டோடு வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நிலைக்காதுன்னு நீதானேம்மா சொன்னே?" என்றேன். "இப்பவும் அதான் சொல்றேன். அங்க பள்ளிக்கூடத்துல அறுபத்தோரு புள்ளைங்க வாத்தியார் இல்லாம உக்காந்திருக்கு. ஒன் தீர்ப்ப அதுங்ககிட்டப் போய் வாசி, பாப்போம். மாமன வரச்சொல்லுடி." மேலே 'வராதீர்கள்' என்று இருப்பதை அடிக்க என்னிடம் மை மிச்சமில்லை, உங்கள் மையால் அடித்துக்கொள்ளுங்கள்.