கிணற்றுக்குக் காவல்

சாம்சன் முடிவு கட்டிவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தளபதி ஆகாமல் விடுவதில்லை.

பட்டாளத்தில் இல்லீங்க, செல்போனில். வல்லம் வடகால் கம்பெனியில் கார் கதவுக்குப் பூட்டு மாட்டுகிற ஆளைப் பட்டாளத்தில் யார் கூப்பிடப் போகிறார்கள்? இது ஒரு மாதிரி விளையாட்டு. படம் கிடையாது, பாட்டு கிடையாது, எல்லாம் வெறும் எழுத்து. ‘வடக்கே போ’ என்று தட்டினால் ‘இங்கே ஒரு கிணறு இருக்கிறது’ என்று வரும். ‘குதி’ என்று தட்டினால் செத்தோம். நாற்பது பேர் எங்கெங்கோ உட்கார்ந்து ஒரே நேரத்தில் தட்டுவார்கள். அத்தனை பேருக்கும் தலைவர் மலைவேந்தன். யாரு, எந்த ஊரு, ஒருத்தருக்கும் தெரியாது. மேனேஜருக்கே வணக்கம் வைக்காத சாம்சன், மலைவேந்தனுக்கு மட்டும் எழுந்து நின்று பதில் போடுவான்.

ஞாயிறன்று கோட்டைப் போர்; அதில் ஜெயித்தால் தளபதி பதவி. குறுக்கே வந்தது மச்சான் ஊரான மண்ணூர்.

“தம்பி புள்ளைக்கு ஞானஸ்நானம்யா. பிரியாணி போடுறான். வர்றல்ல?” என்றாள் பொண்டாட்டி ஜாஸ்மின்.

“அன்னிக்கு ஓ.டி. ஜாஸு. சூப்பர்வைசர் கால்ல வுழாத கொறை.”

“ஐயோ பாவம்.” போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

சாம்சன் உடனே தலைவருக்குத் தட்டினான்: ‘ஓ.டி.ன்னு பொய் சொல்லிட்டேன் தலைவரே. நம்பிட்டா. கொஞ்சம் மக்கு.’

சமையலறையில் கரண்டி விழுந்தது. பிறகு பதில் வந்தது: ‘நன்று, வீரனே. இரு, குக்கரை இறக்கிவிட்டு வருகிறேன்.’

சாம்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே விசில் அடங்கின நேரத்தில் அங்கேயும் குக்கரா? ஊரெல்லாம் ஒரே நேரத்தில்தான் அரிசி வேகும் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

‘வீட்டில் சந்தேகம் வரக்கூடாது. போர் வரைக்கும் நீயே துணி துவை, பாத்திரம் விளக்கு.’

கட்டளையாச்சே. விளக்கினான்.

ஞாயிறு காலை யூனிஃபார்ம், ஷூ, கழுத்தில் ஐடி கார்டு. பூட்டிக் கிடந்த கம்பெனிக்கு எதிரே, பலராமன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். கட்டளை வந்தது: ‘வடக்குக் கிணற்றுக்கு நீதான் காவல். நான் திரும்பும்வரை அசையாதே. அசைந்தால் பதவி இல்லை.’

பத்து மணி ஆச்சு. பன்னிரண்டும் ஆச்சு. ஒரு எதிரியைக் காணோம். ‘தலைவரே?’ என்று தட்டினால், ‘மலைவேந்தன் உணவருந்தப் போயிருக்கிறார்’ என்று வந்தது. மூணு மணிக்கும் அதே பதில். இன்னா சாப்பாடு இது, இவ்வளவு நேரம்?

“இன்னா நைனா, ஓ.டி.யா? கேட்டு பூட்டிக்கீதே?” என்றார் பலராமன்.

“கெணத்தைப் பாத்துக்கினு கீறேன்ணே.”

பலராமன் சுற்றும் முற்றும் பார்த்தார். கிணறு எதுவும் இல்லை. அவன் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டார்.

ஆறு மணிக்குப் போன் சார்ஜ் செத்தது. வீட்டுக்கு வந்தான். ஜாஸ்மின் பட்டுப்புடவையோடு, பிரியாணி வாசனையோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

“ஓ.டி. எப்பிடி?”

“லைன் நிக்கவேயில்ல ஜாஸு. இடுப்பு ஒடிஞ்சிடுச்சு. பிரியாணி கொணாந்தியா?”

“நீ கேன்டீன்ல சாப்ட்ருப்பேன்னு வுட்டுட்டேன்.” தன் போனை ஒருதரம் பார்த்தாள். அவனையும் பார்த்தாள்.

“அது கெடக்கட்டும். நான் இன்னும் திரும்பவேயில்லையே, வீரனே. கெணத்துக்கு இப்ப யாரு காவல்?”