சேஃப்டி அண்ணாச்சி சிங்கப்பூர் போன கதை

துபாயின் உயரமான கட்டடங்கள் இரும்பாலும் சிமென்ட்டாலும் நிற்கின்றன என்று நினைப்பவர்களுக்கு எங்கள் சேஃப்டி அண்ணாச்சியைத் தெரியாது. அவர் கீழே நின்று முறைத்துக்கொண்டே இருப்பதால்தான் அவை விழாமல் நிற்கின்றன.

அண்ணாச்சி குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். அதே கம்பெனிக்காரர்கள் நாங்கள், அவரோடு ஐந்து பேர், அஜ்மானில் ஏழாவது மாடி ஃபிளாட் ஒன்றில் சேர்ந்து தங்கியிருந்தோம். அவருடைய சொந்தப் பெயர் அவர் விசாவுக்கு மட்டும்தான் தெரியும்.

டூட்டி முடிந்து ரூமுக்கு வந்தாலும் மனிதர் ஓய மாட்டார். பல்பு மாற்றுகிறவன் ஹெல்மெட் போட வேண்டும். சூடான டீயை எடுத்து வருகிறவன், "ஹாட் டீ வருது, வழி விடுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு லீவு நாளில், அடுப்பில் பிரியாணி தம்மில் இருக்கும்போது விசில் ஊதிவிட்டார். தீயணைப்பு ஒத்திகையாம். கைலியோடு ஏழு மாடி இறங்கிப் போய் பார்க்கிங்கில் வரிசையாக நின்றோம். அவர் எங்களை எண்ணி முடிப்பதற்குள் மேலே பிரியாணி தீய்ந்து, புகை கிளம்பி, கட்டடத்தின் நிஜ அலாரம் அலற ஆரம்பித்தது.

"பாத்தியளா மக்கா? ட்ரில் மட்டும் நடத்தலேன்னா இப்ப நாம உள்ள மாட்டியிருப்போம்!" என்றார் அண்ணாச்சி, பெருமையாக.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா குவைத்தில், மங்காஃபில் இருந்தார். நர்ஸ் வேலை. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்ததே அபூர்வம். கிடைத்தபோதும் சேர்ந்து போனதெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும்தான். இந்த வருடம் அதிசயமாக இருவருக்கும் ஒரே வாரம் லீவு அமைந்தது. அக்கா போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"ஊருக்குப் போனா சொந்தக்காரங்க மொகத்தத்தான் பாக்கணும். எனக்கு ஒங்க மொகத்தப் பாக்கணும். சிங்கப்பூர் போவோம்."

அண்ணாச்சி உடனே பேனாவை எடுத்தார். பெட்டியில் என்ன வைப்பது என்று எழுதுவார் என்று பார்த்தால், அங்கே என்னென்ன ஆபத்து உண்டு என்று பட்டியல் போட்டார். எஸ்கலேட்டர், மழை, ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் ஏன் என்று கேட்டேன். "கீழ சிந்தினா வழுக்கும்லா?" என்றார். ஆபத்து என்றால் கூப்பிட வேண்டிய ஆளாக என்னை நியமித்தார். ஒவ்வொரு இடத்திலிருந்தும் 'ஆல் சேஃப்' என்று வாய்ஸ் மெசேஜ் வரும். இரண்டு மணி நேரம் வராவிட்டால் நான் ஓட்டலுக்கு போன் போட வேண்டும்.

முதல் நாளே சிங்கப்பூர் அவரை மயக்கிவிட்டது. "எடேய், எங்க பாத்தாலும் போர்டு வச்சிருக்கான்! கைப்பிடியப் புடி, கோட்டத் தாண்டாத! அபாயம்னு தமிழ்லயே எழுதியிருக்கான்டே!" இதுதான் முதல் வாய்ஸ் மெசேஜ்.

அடுத்த மெசேஜ் அக்காவிடமிருந்து. "தம்பி, வாயில இருந்து தண்ணி கொட்டுமே, அந்தச் சிங்கத்தோட என்னைய ஒரு போட்டோ எடுங்கன்னேன். தரை வழுக்கும்னு ஒரு போர்டு, அத எடுத்து வச்சிருக்காரு. ஓரத்துல என் தோள் தெரியுது."

மூன்றாம் நாள் மெசேஜ் நின்றுபோனது. இரண்டு மணி நேரம், மூன்று, நான்கு. ஓட்டலில் கேட்டால் காலையிலேயே வெளியே போய்விட்டார்கள் என்றார்கள். ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. பதினோராவது முறையாக அடித்தபோது அக்கா எடுத்தார்.

"அக்கா! அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல தம்பி. ரோப் கார்ல கடலுக்கு மேல தொங்கிட்டிருக்கோம். என் ரெண்டு கையையும் புடிச்சிட்டிருக்காரு. இப்பத்தான் ஒரு கைய உருவுனேன். போன் எடுக்கக் கை வேணும்லா?"

நடந்ததை அக்கா பிறகு சொன்னார். குன்றின் மேலிருந்து கடலைத் தாண்டி அடுத்த தீவுக்குப் போகும் ரோப் காரில் ஏற ஆசைப்பட்டு டிக்கெட் வாங்கியிருக்கிறார். படியருகே அண்ணாச்சி நின்றுவிட்டார்.

"ஸ்டெல்லா, எனக்கு ஒசரம் ஆவாது."

"இருவது மாடிக்கு ஆள ஏத்துத மனுசன் பேசுத பேச்சா இது?"

"ஏத்துவேன். நான் ஏறுனது கெடையாது."

அக்கா இதைச் சொன்னபோதுதான் எங்களுக்கே உறைத்தது. எங்கள் ஏழாவது மாடி பால்கனிப் பக்கம்கூட அவர் போனதில்லை. சைட்டில் அண்ணாச்சி எப்போதும் தரையில் நின்று பைனாகுலரில் பார்ப்பார். அது ஏதோ பெரிய தொழில் நுணுக்கம் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தோம்!

"பதினாலு வருசமா இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

"நேர்ல சொல்லணும்னு நெனச்சேன். லீவுல நேரம் கெடைக்கல."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததாம். டிக்கெட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பப் போனவரை அண்ணாச்சியே தடுத்திருக்கிறார். "நான் கண்ண மூடிக்கிடுதேன். நீ பாத்துச் சொல்லு. ஏறுவோம்."

அக்கா சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டே போனார். கீழே கப்பல் ஒன்று, மேலே வெள்ளைப் பருந்து ஒன்று, தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். கிரேன் என்றதும் ஒரு கண்ணைத் திறந்தாராம். திரும்பி வரும்போது மற்றதையும் திறந்தார். பிறகு இறங்க மறுத்துவிட்டார். நான் போன் அடித்தபோது நடந்துகொண்டிருந்தது மூன்றாவது சவாரி.

கடைசிச் சவாரியில் அக்கா கேட்டிருக்கிறார். "நான் குவைத்த விட்டுட்டு ஒங்க பக்கம் வந்திரட்டா?"

அண்ணாச்சி எந்தப் பட்டியலும் போடவில்லை. "வா" என்றார்.

அக்கா பரீட்சை எழுதி, இங்கே லைசென்ஸ் வாங்கி, அஜ்மானிலேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். அவர் வருவதற்கு முந்தின வாரம் அண்ணாச்சி எங்கள் ஃபிளாட்டைக் காலி செய்தார். போன இடம் இரண்டே தெரு தள்ளித்தான். அதற்கே நாங்கள் நான்கு தடிமாடுகளும் அவருடைய பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, கொடுக்க மனம் வராமல் வாசலில் நின்றோம்.